டயலில் அதே எண், வேலையில் வேறு அளவு: லேத்தில் டூல் நிலை மாறினால் எங்கே தேடுவது

லேத் என்பது வேலையை (கடையப்படும் உலோகத்துண்டை) சுழற்றி டூலால் கடையும் இயந்திரம். டூலை நகர்த்தும் கைப்பிடியின் டயலை அதே எண்ணுக்குக் கொண்டுவருகிறீர்கள். முதல் ஷாஃப்டில் 50.01 மில்லிமீற்றர் வந்தது, அடுத்ததில் 50.06 வருகிறது. இயந்திரம் பழையது என்று சொல்லிவிட்டு எமரித் தாளால் தேய்த்து அளவுக்குக் கொண்டுவருவது பல பட்டறைகளில் பழகிப்போன வழி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பழைய லேத்தும் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும். வராவிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அநேகமாக அந்தக் காரணத்தை, சிறிய அசைவையும் முள்ளால் காட்டும் ஒரு டயல் கேஜிலேயே பார்த்துவிடலாம்.

திருகோணமலையில் எங்கள் கைக்கு வரும் வேலைகள் பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேலைகள்தான். கொட்பே துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகுகளின் புரொப்பெல்லர் ஷாஃப்ட், அதைத் தாங்கும் வெண்கலக் குழலான புஷ், கந்தளாய், தம்பலகாமம் பக்கத்து அரிசி ஆலைகளின் பெயாரிங் இருக்கைகள், வயல்களுக்கு இறைக்கும் பம்புகளின் ஷாஃப்ட் என்று வரும். 50 மில்லிமீற்றர் பெயாரிங் இருக்கைக்கு வழக்கமாகக் கொடுக்கும் கே6 என்ற தரப் பொருத்தத்தில் விட்டம் 50.002 முதல் 50.018 வரை இருக்கலாம். மொத்த இடைவெளி 0.016 மில்லிமீற்றர். டூல் நகர்வது ஆரத்தில் என்பதால் அது திரும்பி வரவேண்டிய துல்லியம் இதில் பாதி, 0.008. விட்டம் இந்த எல்லைக்குக் கீழே போனால் பெயாரிங்கின் உள்வளையம் ஷாஃப்டின் மேல் சுழலத் தொடங்கி இருக்கையைத் தின்றுவிடும். படகு ஷாஃப்டில் இது நடந்தால் பழுது தெரியவருவது நடுக்கடலில். ஆகவே இந்த விடயத்தில் “கிட்டத்தட்ட” என்ற பேச்சுக்கு இடமில்லை.

தொடங்குவதற்கு முன் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். டயல் எப்போதும் 0.03 கூட்டிக் காட்டினால் அது தொல்லையே இல்லை, கழித்துக்கொண்டு வெட்டலாம். ஒரு தடவை 0.01, அடுத்த தடவை 0.05 என்று காட்டினால்தான் தொல்லை. இங்கே நாம் தேடுவது இந்த இரண்டாவது வகையை.

முதலில், நிறுத்திய இயந்திரத்தில் ஒரு சோதனை

வெட்டிப் பார்த்துக் காரணம் தேடாதீர்கள். வெட்டும்போது ஸ்லைட் (டூலைச் சுமந்து நகரும் பாகம்), டூல்போஸ்ட் (டூலைப் பிடிக்கும் கட்டை), முனையின் கூர், வேலையின் வளைவு, சூடு, அளக்கும் கை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எது கெடுத்தது என்று சொல்ல முடியாது. இயந்திரத்தை நிறுத்தி, மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

டயல் கேஜின் காந்த அடியை லேத்தின் படுக்கையின் (நீண்ட அடித்தளத்தின்) மேல் வையுங்கள். அந்த இடத்தில் துருவோ பெயின்ரோ இருந்தால் காந்தம் உறுதியாகப் பிடிக்காது, முதலில் துடைத்துவிடுங்கள். கேஜின் ஊசித்தண்டு, டூலை வேலையை நோக்கிக் கொண்டுபோகும் குறுக்கு ஸ்லைட் நகரும் திசைக்கு இணையாக இருக்கவேண்டும். அதன் முனையை டூல் பிடிப்பானின் தட்டையான முகத்தில் தொடவிட்டு, ஸ்லைடுகளைச் சுமந்து படுக்கையில் ஓடும் கேரியேஜைப் பூட்டுங்கள். கேஜை விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். முள் பழைய இடத்துக்கு வராவிட்டால் கேஜின் பிடிமானமே தளர்வு. அதைச் சரிசெய்யாமல் மேலே போவதில் பயனில்லை.

இனி மூன்று காரியங்கள். முதலாவது, கைப்பிடியை ஒரு முழுச் சுற்று வெளியே எடுத்து மறுபடி அதே எண்ணுக்கு உள்ளே வாருங்கள். சில தடவைகள் இப்படிச் செய்து முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, ஸ்லைடைத் தொடாமல் டூல் பிடிப்பானை மட்டும் கழற்றித் துடைத்து மாட்டி இறுக்குங்கள், முள்ளைப் பாருங்கள். மூன்றாவது, டூல்போஸ்டைக் கையால் உங்களை நோக்கி இழுத்து விடுங்கள், பிறகு தள்ளி விடுங்கள். கை எடுத்த பின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

முதலாவதில் முள் மாறினால் குற்றம் திருகிலோ நட்டிலோ டயலிலோ, ஸ்லைடின் பக்க ஆட்டத்தை அடக்கும் கிப் பட்டையிலோ இருக்கிறது. இரண்டாவதில் மாறினால் டூல்போஸ்டில். மூன்றாவதில் மாறினால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. மூன்றும் ஒழுங்காக இருந்தும் வேலையில் அளவு மாறினால், ஸ்லைடைக் குறைசொல்வதை நிறுத்திவிட்டு வெட்டுமுனை, வேலை, சூடு, அளவீடு இந்த நான்கில் தேடுங்கள். பாதித் தேடல் இந்தச் சோதனையிலேயே முடிந்துவிடும்.

அறிகுறி: உள்ளே வரும்போது ஓர் அளவு, வெளியே வரும்போது இன்னோர் அளவு

இது பேக்லாஷ். திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடம். கைப்பிடியைத் திசைமாற்றிச் சுற்றும்போது சிறிது தூரத்துக்கு டயல் ஓடும், ஸ்லைட் நகராது. தேய்ந்த இயந்திரங்களில் அரை மில்லிமீற்றர் இருப்பதும் உண்டு. பலர் இதைக் கண்டு பதறி நட்டை இறுக்கப் போகிறார்கள். அதற்கு முன் உங்கள் கைப்பழக்கத்தைப் பாருங்கள். எப்போதும் ஒரே திசையிலிருந்து எண்ணுக்கு வந்தால் பேக்லாஷ் எவ்வளவு இருந்தாலும் திருகின் ஒரே பக்கம்தான் நட்டைத் தள்ளும். அளவு மாறாது.

வெளிப்புறம் கடைவதற்கு அந்தத் திசை உள்நோக்கி. எண்ணைத் தாண்டிவிட்டீர்களா? சற்றுப் பின்னே சுழற்றி எண்ணில் நிறுத்தாதீர்கள். முழுச் சுற்று வெளியே போய் மறுபடி வாருங்கள். அந்த அரைக்கணச் சோம்பலில் வீணாகும் ஷாஃப்டுகள் ஏராளம்.

துளை குடையும்போது இந்தத் திசை தலைகீழாகிறது. அங்கே வெட்டு ஆழம் கூடுவது ஸ்லைட் உங்களை நோக்கி வரும்போது. வெளிப்புறம் கடைந்தபோது வைத்த பூச்சியம் துளைக்குச் செல்லாது. நடுவில் பேக்லாஷ் முழுவதும் நுழைந்துவிடும். புஷ்ஷின் வெளிவிட்டம் அச்சொட்டாக வந்து உள்விட்டம் மட்டும் கெட்டுப்போவதற்கு அநேகமாக இதுதான் காரணம். துளைக்குப் புதிதாகத் தொட்டு, புதிதாகப் பூச்சியம் வைத்து, வெளிநோக்கிய திசையிலேயே எண்ணுக்கு வாருங்கள்.

ஒரே திசையில் வந்தும் முள் மாறுகிறது என்றால் ஆட்டம் எங்கே என்று பிரித்துப் பார்க்கவேண்டும். கைப்பிடி அச்சின் நுனியில் ஒரு கேஜ் வைத்து ஸ்லைடைத் தள்ளி இழுங்கள். அச்சு முன்னும் பின்னும் அசைந்தால் திருகைத் தாங்கும் உந்துப் பெயாரிங்கோ அதை இறுக்கும் நட்டோ தளர்ந்திருக்கிறது. இது எளிய வேலை. இறுக்கிப் பூட்டினால் போதும். அச்சு அசையாமல் ஸ்லைட் மட்டும் அசைந்தால் வெண்கல நட் தேய்ந்திருக்கிறது. பல லேத்துகளில் நட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவிலுள்ள ஆப்பை மேலிருக்கும் திருகால் இழுத்தால் துண்டுகள் விலகி இடைவெளி குறையும்.

இறுக்கும்போது ஸ்லைடை முழுத் தூரமும் ஓட்டிப் பாருங்கள். நாம் எல்லோரும் சிறிய விட்டங்களில்தான் அதிகம் வேலை செய்கிறோம். திருகும் அந்தப் பகுதியில்தான் அதிகம் தேயும். தேய்ந்த இடத்தில் ஆட்டத்தை முழுதாக நீக்கினால் தேயாத ஓரங்களில் ஸ்லைட் சிக்கிக்கொள்ளும். ஓரங்களில் இலகுவாக ஓடும் அளவுக்கு மட்டும் இறுக்கிவிட்டு, மிச்ச ஆட்டத்தை ஒரே திசைப் பழக்கத்தால் சமாளிப்பதே நல்லது.

இதன் கிளையாக இன்னோர் அறிகுறி உண்டு. உருக்கில் நன்றாக ஓடும் டூல் வெண்கலத்திலும் பித்தளையிலும் தானாக உள்ளே பாய்ந்து பள்ளம் போடும். உருக்குக்குத் தீட்டிய சரிந்த மேல்முகம் அந்த மென்மையான உலோகத்தைக் கடித்து, தன்னையே பேக்லாஷ் தூரத்துக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெண்கலத்துக்கு மேல்முகத்தைச் சரிவில்லாமல் தட்டையாகத் தீட்டுங்கள், பாய்ச்சல் நிற்கும்.

அறிகுறி: சிறிய அளவு நகர்த்தினால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரேயடியாகத் தாவும்

0.02 நகர்த்துகிறீர்கள், முள் அசையவில்லை. இன்னும் 0.02. இப்போது முள் 0.04 தாவுகிறது. ஸ்லைட் ஒட்டிக்கொண்டு, விசை சேர்ந்தபின் விடுபடுகிறது. கிப் பட்டை அளவுக்கு மீறி இறுகியிருக்கலாம், எண்ணெய் வற்றியிருக்கலாம், தடங்களில் துரு பிடித்திருக்கலாம்.

கடலோர ஊரில் மூன்றாவதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. மாரி காலத்தில் வாடைக்காற்று உப்பீரத்தைப் பட்டறைக்குள்ளேயே கொண்டுவந்து சேர்க்கிறது. வெள்ளிக்கிழமை துடைக்காமல் விட்ட தடத்தில் திங்கட்கிழமை செம்பழுப்பு படிந்திருக்கும். அந்தத் துருத்தூள் கிப் பட்டைக்குப் பின்னால் போய் அரைக்கும் பசையாக மாறுகிறது. வேலை முடிந்ததும் தடங்களைத் துடைத்து எண்ணெய் பூசுவது துப்புரவுக்காக மட்டும் செய்யும் காரியம் அல்ல, அளவைக் காப்பாற்றும் காரியம். என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் வேண்டாம். அதில் கரித்தூளும் அமிலமும் இருக்கின்றன. ஸ்லைட் தடங்களுக்கென்றே விற்கும் 68 தர எண்ணெய் ஒட்டித் தாவுவதைத் தடுக்கும் சேர்க்கைகளுடன் வருகிறது. காற்றழுத்தத்தால் சீவல்களை ஊதுவதையும் விட்டுவிடுங்கள். வெளியே போவதைவிட ஸ்லைடுக்கு அடியில் நுழைவதே அதிகம். தூரிகையும் துணியும் போதும்.

கிப் பட்டையைச் சரிசெய்ய, எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, தடத்தைக் கழுவி, எண்ணெய் விட்டு, ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கைப்பிடி சற்றுப் பாரமாகச் சுற்றவேண்டும். ஆனால் எங்கும் பிடிக்கக்கூடாது. குறுக்கு ஸ்லைடின் மேல் உள்ள சிறிய மேல் ஸ்லைடை அந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை என்றால் அதன் கிப் பட்டையை இறுக்கிப் பூட்டிவிடுங்கள். தேவையற்ற ஓர் ஆட்டம் குறையும்.

அறிகுறி: டூலைக் கழற்றி மாட்டினால் அளவு போய்விடுகிறது

ஸ்லைட் நேர்மையாக நிற்கிறது, பிடிப்பானை மாற்றினால் முள் நகர்கிறது. பெரும்பாலும் இது ஒரு சீவல் துணுக்கு. புறா வால் வடிவப் பள்ளத்தின் மூலையில் ஒட்டியிருக்கும் மெல்லிய சுருளைக் கண் பார்க்காது, விரல் நுனி உணரும். துடைத்த பின் விரலால் தடவிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். அடுத்தது விளிம்பில் எழுந்த பிசிறு. தட்டையான எண்ணெய்க்கல்லால் மேலோட்டமாக இழுத்தால் உயர்ந்த இடம் மட்டும் மின்னும். அதை மட்டும் எடுங்கள்.

இறுக்கும் விசையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். விரைவாக மாற்றும் டூல்போஸ்டில் நெம்புகோல் ஒவ்வொரு தடவையும் ஒரே கோணத்தில் வந்து நிற்கவேண்டும். நிற்காவிட்டால் இடையில் ஏதோ இருக்கிறது. இந்த வகை டூல்போஸ்டுகளில் பிஸ்டன் தள்ளிப் பிடிப்பவற்றைவிட ஆப்பு இழுத்துப் பிடிப்பவை நன்றாக மீள்கின்றன. ஆப்பு, பிடிப்பானைத் தன் முகத்தோடு சேர்த்து இழுக்கிறது. பிஸ்டன் அதைத் தள்ளி விலக்கப் பார்க்கிறது. வாங்கப் போகிறீர்கள் என்றால் விலை வேறுபாட்டைப் பாராமல் ஆப்பு வகையையே எடுங்கள்.

நான்கு பக்க டூல்போஸ்டில் கழற்றுவதையே தவிர்க்கலாம். நான்கு டூலையும் முதலிலேயே கட்டிவிட்டுச் சுழற்றலாம். ஆனால் நிலைநிறுத்தும் ஊசியும் பள்ளமும் தேய்ந்திருந்தால் சுழற்றி வரும் இடம் மாறும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் சுழற்றி, ஊசி விழுந்ததும் பின்னோக்கித் தள்ளி அதில் அழுந்தவிட்டு இறுக்குங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் டூல்போஸ்ட் முழுவதுமே இலேசாகச் சுழன்றுவிடுகிறதா? அதை எடுத்துவிட்டு மேல் ஸ்லைடின் முகத்தைப் பாருங்கள். டூல்போஸ்டை இறுக்கும் நடுக்கட்டை பல வருடங்களாக மேல்நோக்கி இழுத்ததில் அது உட்காரும் பள்ளத்தின் விளிம்புகள் உப்பியிருக்கும். அப்போது டூல்போஸ்ட் நடுவில் மட்டும் உட்கார்ந்து ஓரங்களில் தொடாமல் நிற்கும். நீலமையை மெல்லியதாகப் பூசி டூல்போஸ்டை வைத்து எடுத்தால் தொடும் இடம் தெரியும். உப்பலைச் சுரண்டி எடுத்து, ஓரங்கள் நான்கும் தொடும்படி செய்தால் எவ்வளவு இறுக்கினாலும் சுழலும் அந்த நோய் தீரும். இயந்திரத்தில் நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதும் திருத்தம் இது. மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இதுதான்.

அறிகுறி: டயலைத் தொடவே இல்லை, இரண்டாம் ஓட்டத்திலும் வெட்டுகிறது

டூல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வேலை வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது, அல்லது டூல் பின்வாங்கிவிட்டுத் திரும்பி வருகிறது. நீண்டு மெலிந்த புரொப்பெல்லர் ஷாஃப்டில் இது எதிர்பார்க்கவேண்டியது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்காகும். டூலுக்கும் இது பொருந்தும். ஆகவே டூலை முடிந்தவரை உள்ளே வாங்கிப் பிடியுங்கள். வேலைக்கு மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டொக்கும், நீளம் மிகுந்தால் நடுவில் தாங்கும் ஸ்டெடியும் கொடுங்கள்.

இங்கே பலர் ஒரு தவறான வழியில் போகிறார்கள். விட்டத்தில் 0.6 குறைக்கவேண்டுமானால் 0.5 ஒரே வெட்டில் எடுத்துவிட்டுக் கடைசி 0.1 ஐ மெல்ல எடுக்கிறார்கள். தடித்த வெட்டில் வளைந்த அளவு வேறு, மெல்லிய வெட்டில் வளையும் அளவு வேறு. எனவே கடைசி வெட்டு எங்கே போய் நிற்கும் என்று கணிக்க முடியாது. அந்த 0.6 ஐ 0.2, 0.2, 0.2 என்று சமமாகப் பிரியுங்கள். சுழல் வேகமும் ஊட்டமும் (டூல் முன்னேறும் வேகமும்) மாறவேண்டாம். முதல் வெட்டுக்குப் பின் அளவுங்கள், இரண்டாவதுக்குப் பின் அளவுங்கள். இரண்டிலும் 0.19 குறைந்திருந்தால் மூன்றாவதிலும் 0.19 தான் குறையும். டயலில் கொடுத்ததற்கும் உண்மையில் வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை, மூன்று வெட்டுக்கும் சேர்த்து (இங்கே 0.03), மூன்றாவதில் கூட்டிக் கொடுத்தால் அளவு வந்து விழும். பேரங்களில் எல்லாம் நல்ல பேரம் இதுதான்: ஒரு வெட்டுக் கூடுதல், ஆனால் ஷாஃப்ட் உங்கள் கையில்.

கார்பைட் முனையால் 0.01, 0.02 என்று சுரண்ட முயல்வதும் இதே குழியில் தள்ளும். முனையின் விளிம்பு முழுக் கூராக இருப்பதில்லை; வெட்டுவதற்குப் பதிலாக உராய்ந்து, வேலையைத் தள்ளி, அடுத்த தடவை திடீரென்று கடிக்கும். மெல்லிய கடைசி வெட்டு தேவைப்படும் இடத்தில் கல்லில் தீட்டிய ஹைஸ்பீட் உருக்கு டூல் இன்றைக்கும் முதன்மையானது.

அறிகுறி: கொடுத்தது 0.10, குறைந்தது 0.20

டயல் ஆரத்தைக் காட்டுகிறது. விட்டம் இருமடங்கு குறைகிறது. சில இயந்திரங்களின் டயல் விட்டத்தையே நேராகக் காட்டும். இரண்டு லேத் உள்ள பட்டறையில் இரண்டும் ஒரே மாதிரி என்று நினைத்துவிடாமல், டயலுக்கு மேலே எது என்று பெயின்ரால் எழுதிவையுங்கள். பழைய பிரித்தானிய இயந்திரங்களில் டயல் அங்குலத்தில் இருக்கும்: ஒரு கோடு 0.001 அங்குலம், அதாவது 0.0254 மில்லிமீற்றர். அதை 0.025 என்று வைத்துக்கொண்டு நூறு கோடு போனால் 0.04 பிழை சேர்ந்திருக்கும். அங்குல இயந்திரத்தில் வேலையை முழுவதும் அங்குலத்தில் கணக்கிட்டு, அங்குல மைக்ரோமீற்றரால் அளந்து முடியுங்கள். 50 மில்லிமீற்றர் என்பது 1.9685 அங்குலம்.

டயல் வளையமே அச்சில் வழுக்குவதும் உண்டு. வளையத்திலும் அச்சிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டுச் சில சுற்றுகள் ஓட்டிப் பாருங்கள். கோடு பிரிந்தால் வளையத்தின் பூட்டுத் திருகோ உள்ளிருக்கும் தகட்டு ஸ்பிரிங்கோ தளர்ந்திருக்கிறது.

அறிகுறி: விட்டம் சரி, படிகளின் நீளம் மாறுகிறது

கேரியேஜைத் தடுக்கும் நிறுத்தத்தில் எவ்வளவு விசையுடன் மோதுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நிற்கும் இடம் மாறும். தானியங்கி ஊட்டத்தை இரண்டு மில்லிமீற்றருக்கு முன்பே விடுவித்து, மிச்சத்தைக் கையால் ஒரே அழுத்தத்துடன் கொண்டுவாருங்கள். இன்னும் நல்லது, நிறுத்தத்துக்குப் பதிலாகப் படுக்கையில் டயல் கேஜை நிறுத்தி அதன் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருவது. முள் விசையைப் பொறுத்து ஏமாறாது. கேரியேஜைப் பூட்டும்போதும் முள்ளைப் பாருங்கள். பல இயந்திரங்களில் பூட்டுவதே கேரியேஜைச் சற்று இழுத்துவிடுகிறது.

கேரியேஜ் சரியாக நின்றும் நீளம் மாறினால், மாறுவது வேலை உட்கார்ந்திருக்கும் இடம். வேலையைப் பிடிக்கும் சக்கின் தாடைகள் இறுகும்போது வேலையை முகத்திலிருந்து தூக்கிவிடும். இறுக்கியபின் மென்சுத்தியலால் தட்டி உட்காரவையுங்கள், அல்லது சக்கைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் துளைக்குள் ஒரு தடுப்பு வையுங்கள். இரு மையங்களுக்கு இடையில் பிடித்தால் மையத்துளையின் ஆழம் ஷாஃப்டுக்கு ஷாஃப்ட் வேறுபடும். நீளத்தை ஒவ்வொரு தடவையும் முகத்தைத் தொட்டுத்தான் தொடங்கவேண்டும்.

மூன்று தாடைச் சக்கில் வேலையைக் கழற்றி மாட்டினால் 0.05, 0.1 என்று மையம் விலகுவது இயல்பு. அதை டூலின் தலையில் போடாதீர்கள். ஒரே பிடிப்பில் முடிக்கக்கூடியதை ஒரே பிடிப்பில் முடியுங்கள். முடியாவிட்டால் நான்கு தாடைச் சக்கில் கேஜ் வைத்து மையப்படுத்துங்கள்.

அறிகுறி: முனையை மாற்றியதும் எல்லாம் மாறிவிட்டது

செருகும் கார்பைட் முனையின் பெயரில் மூன்றாவது எழுத்து அதன் அளவுத் தளர்வைச் சொல்கிறது. சிசிஎம்டி என்பதில் வரும் ‘எம்’ வகையில், சிறிய முனைகளுக்கே உள்வட்ட விட்டம் (முனையின் வடிவத்துக்குள் அடங்கும் வட்டத்தின் விட்டம்) 0.05 கூடவோ குறையவோ இருக்கலாம். ‘ஜி’ வகையில் அது 0.025. ஆகவே முனையைத் திருப்பினாலோ மாற்றினாலோ பூச்சியம் தங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு சோதனை வெட்டு வெட்டி, அளந்து, புதிதாகத் தொடங்குங்கள். துருப்பிடிக்காத உருக்கில் வேறொரு தொல்லையும் உண்டு. உலோகம் முனையில் ஒட்டி ஒரு போலி முனையாக வளரும். அது ஒட்டியிருக்கும்போது ஓர் அளவு, உதிர்ந்ததும் இன்னோர் அளவு. கார்பைட் என்றால் வேகத்தைக் கூட்டுங்கள், குளிர்நீர் விடாமல் ஓடவிடுங்கள்.

அறிகுறி: காலையில் சரி, மதியத்தில் தவறு

கச்சான் வீசும் மாதங்களில், தகரக் கூரையின் கீழ், இது எங்கள் ஊருக்கே உரிய தொல்லை. ஆனால் கூரையின் சூட்டைவிட வெட்டின் சூடுதான் பெரிய குற்றவாளி. வெட்டி முடித்த ஷாஃப்ட் கைக்குச் சுடும் நிலையில், அறை வெப்பத்தைவிட 30 பாகை கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். 50 மில்லிமீற்றர் சாதாரண உருக்கு 0.017 விரிந்திருக்கும். படகு ஷாஃப்டுக்குப் போடும் துருப்பிடிக்காத உருக்கு ஏறத்தாழ 0.024 விரிந்திருக்கும். மேலே சொன்ன கே6 இடைவெளியே 0.016 தான். சூட்டில் அளந்து “சரி” என்று இறக்கிய ஷாஃப்ட், ஆறியதும் முழு இடைவெளியையும் தாண்டிக் கீழே போய்விடும்.

எனவே கடைசி வெட்டுக்கு முன் ஆறவிடுங்கள். குளிர்நீர் ஊற்றி ஆற்றலாம். ஆனால் மேற்பரப்பு குளிர்ந்தாலும் உள்ளே சூடு இருக்கும், சில நிமிடம் பொறுத்து மறுபடி தொட்டுப் பாருங்கள். மைக்ரோமீற்றரை யன்னல் வெயிலிலோ சட்டைப் பையிலோ வைக்காதீர்கள். வேலையும் மைக்ரோமீற்றரும் ஒரே வெப்பத்தில் இருந்தால், இரண்டும் உருக்கு என்பதால், அறை 33 பாகையில் இருப்பது பெரிய குற்றம் அல்ல. வெண்கலப் புஷ்ஷுக்கு அந்தச் சலுகை இல்லை. அது உருக்கைவிட ஒன்றரை மடங்கு விரியும்.

இயந்திரமும் சூடாகும். காலையில் தொடங்கியதும் நுண்ணிய வேலையை எடுக்காமல் ஸ்பிண்டிலைக் கால் மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். மின்சாரம் தடைப்பட்டு நீண்ட நேரம் நின்றிருந்தால், வந்ததும் பழைய பூச்சியத்தை நம்பாமல் மறுபடி தொட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மரை வெட்டும்போது டூல் பழைய தடத்தில் விழவில்லை

அங்குல லீட்ஸ்க்ரூவில் (கேரியேஜை ஓட்டும் நீண்ட திருகில்) மில்லிமீற்றர் மரை, அதாவது திருகுப் புரி, வெட்டுகிறீர்கள் என்றால் கேரியேஜை அந்தத் திருகோடு இணைக்கும் அரை நட்டை இடையில் திறக்கவே கூடாது. அரை நட்டை மூடும் தருணத்தைக் காட்டும் மரை முகப்பின் எண்கள் அங்கே உதவாது. ஓட்டம் முடிந்ததும் டூலை வெளியே இழுத்து, ஸ்பிண்டிலைப் பின்னோக்கி ஓட்டித் திரும்புங்கள். திரும்பும்போது தொடக்க இடத்தைத் தாண்டிச் சில மில்லிமீற்றர் போகவிடவேண்டும். பற்சக்கரங்களிலும் லீட்ஸ்க்ரூவிலும் உள்ள ஆட்டம் டூல் உலோகத்தைத் தொடும் முன்பே முன்னோக்கிய திசையில் அடங்கிவிடவேண்டும். தாண்டாமல் விளிம்பிலிருந்தே தொடங்கினால் முதல் இரண்டு மரை தடிப்பு மாறி வரும், புரொப்பெல்லர் நட் அங்கேயே சிக்கும்.

நடுவில் டூலைத் தீட்டி மாட்டினால், அரை நட்டைப் பிடித்தபடி மெதுவாக முன்னோக்கி ஓட்டி மரையின் நடுவில் நிறுத்துங்கள். பின்னோக்கித் திருப்பாமல், மேல் ஸ்லைடையும் குறுக்கு ஸ்லைடையும் நகர்த்தி முனையைப் பழைய தடத்தில் இறக்கி, அங்கே புதிய பூச்சியம் வையுங்கள்.

அறிகுறி: டிஜிட்டல் அளவுகாட்டி பூச்சியம் காட்டுகிறது, வேலை மாறுகிறது

அது அளப்பது ஸ்லைடை, முனையை அல்ல. டூல்போஸ்ட் சுழன்றாலும் முனை தேய்ந்தாலும் அதற்குத் தெரியாது. ஸ்லைடின் இடத்தையே அது தவறாகக் காட்டினால் வாசிப்பானின் தாங்கியைக் கையால் அசைத்துப் பாருங்கள். மெல்லிய தகட்டில் செய்த தாங்கி வளைந்து கொடுக்கும். அளவுகாட்டி பேக்லாஷைக் கணக்கில் எடுத்துவிடும் என்பது உண்மை. ஆனால் நட்டில் ஆட்டம் இருந்தால் வெட்டும்போது ஸ்லைட் நகர்வதை அது தடுக்காது.

நட்டையே மாற்றவேண்டி வந்தால்

ஆப்பை முழுவதும் இழுத்தும் ஆட்டம் அடங்காவிட்டால் குறுக்கு ஸ்லைடின் வெண்கல நட்டை மாற்றத்தான் வேண்டும். பழையதைக் கழற்றுவதற்கு முன்பே புதியதைச் செய்து முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதைச் செய்ய இந்த லேத்தே தேவை. குறுக்கு ஸ்லைடின் திருகு அநேகமாக இடதுகை மரையாக இருக்கும். கைப்பிடியை வலஞ்சுழியாகச் சுற்றும்போது ஸ்லைட் உள்ளே போவதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். அங்குல இயந்திரத்தில் மரையின் கோணம் 29 பாகை, மில்லிமீற்றர் இயந்திரத்தில் 30 பாகை. இரண்டையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து உறுதிசெய்யுங்கள். திருகின் தேயாத ஓரத்தில் அளவெடுத்து, அதற்குப் பொருந்தும்படி நட்டை வெட்டுங்கள். அந்த ஓரத்தில் கையால் சுற்றும்போது இலேசாக ஓடினால் போதும். திருகும் நடுவில் ஆழமாகத் தேய்ந்திருந்தால் புதிய நட் மட்டும் போட்டுப் பயனில்லை. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.